‘சைலண்ட்ல இருந்தேன்’: அன்றாடப் பேச்சில் ஆகுபெயரைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு முறை அழைத்தும் எடுக்காத நண்பர் ஐந்தாவது முறை எடுத்ததும் சொன்னார்: “மன்னிச்சுக்குங்க, சைலண்ட்ல இருந்தேன்.”

அவர் சைலண்ட்டாக இருக்கிற ஆளே இல்லை. அந்த அரை மணி நேரமும் பக்கத்தில் இருந்தவரிடம் வாய் ஓயாமல் பேசியிருப்பார். சத்தமில்லாமல் கிடந்தது அவருடைய போன். ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, எந்த இடத்திலும் இடறவில்லை. பிறகு யோசித்தபோதுதான் அந்த வாக்கியத்தில் போன் என்ற சொல்லே வரவில்லை என்பது உறைத்தது.

ஒன்றன் பெயர், அதோடு ஒட்டியிருக்கும் இன்னொன்றுக்கு ஆகிவருவதை ஆகுபெயர் என்கிறோம். மேலை மொழியியலில் இதற்குப் பெயர் மெட்டானிமி. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கும் பெயர் மாற்றம் என்றுதான் பொருள். பள்ளியில் இதைப் பதினாறு வகையாக மனப்பாடம் செய்தோம். பட்டியலைக் கடகடவென்று ஒப்பிப்பேன், ஆனால் காதில் விழும் பேச்சிலிருந்து ஒரு ஆகுபெயரைக்கூடப் பொறுக்கியெடுக்கத் தெரியாது. பட்டியல் பெயர்ச்சொல்லையே முறைத்துப் பார்க்கப் பழக்கியிருந்ததுதான் காரணம். பெயர் எப்போதும் சாதுவாகவே உட்கார்ந்திருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது பின்னால் வரும் வினை. இனி வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு பிடியிலிருந்து கிளம்புபவைதான்.

முதல் படி: வினையிடம் விசாரியுங்கள்

“தொட்டி வழியுது, மோட்டாரை நிறுத்து.” வழிவது எது? நீர்மமாக இருப்பது எதுவோ அதுதான் வழியும். சிமென்ட்டில் கட்டிய தொட்டி வழியாது. ஆக, வினை கேட்கும் ஆளும் பெயர் காட்டும் ஆளும் வேறு. அந்த இடைவெளியில் நிற்கிறது தண்ணீர்.

இதே கேள்வியை மற்ற வாக்கியங்களிடமும் கேட்டுப் பாருங்கள். “பேனா தீர்ந்துபோச்சு” என்கிறோம், தீர்ந்தது மை. “விளக்கு எரியுது” என்கிறோம், எரிவது திரி. “வகுப்பே சிரிச்சுது” என்கிறோம், சிரித்தது பிள்ளைகள். “கிணறு வத்திப்போச்சு” என்றால் கிணறு அங்கேயேதான் இருக்கிறது. “உலை கொதிக்குது” இன்னும் அழகானது. உலை என்பது அடுப்புக்கும் கொல்லன் பட்டறையின் நெருப்புக்கும் உரிய பெயர். அது அடுப்பின்மேல் ஏற்றிய தண்ணீருக்கு ஆகி, பேச்சில் அப்படியே உறைந்துவிட்டது. உலை வைக்கிறவர் யாரும் தாம் ஆகுபெயர் சொல்வதாக நினைப்பதில்லை.

ஒரு நாள் முழுக்க இந்தக் கேள்வியோடு காதைத் திறந்து வைத்திருங்கள். வினை இது, இதைச் செய்யக்கூடியது எது, சொல்லப்பட்ட பெயர் அதுதானா? மூன்று கேள்வி போதும். மாலைக்குள் ஒரு தாள் நிரம்பும்.

இரண்டாம் படி: ‘போல’ சேர்த்துப் பாருங்கள்

வினையும் பெயரும் பொருந்தாத இடமெல்லாம் ஆகுபெயர் ஆகிவிடாது. “மனசு உடைஞ்சுபோச்சு” என்பதிலும் பொருத்தமில்லைதான். ஆனால் அங்கே வேறொரு வேலை நடக்கிறது. மனம் கண்ணாடியைப் போல நொறுங்கியது என்று விரித்தால் வாக்கியம் தாங்குகிறது. அது ஒப்புமையின் வழியே வந்தது, உருவகத்தின் பக்கம் சேர வேண்டியது.

“வகுப்பு சிரிச்சுது” என்பதை விரித்துப் பாருங்கள். வகுப்பைப் போன்ற பிள்ளைகள் சிரித்தார்களா? அபத்தம். பிள்ளைகள் வகுப்பைப் போல இல்லை, வகுப்புக்குள் இருக்கிறார்கள். ‘போல’ ஏறினால் ஒப்புமை, ‘உள்ள’, ‘உடைய’, ‘செய்த’, ‘இருக்கும்’ ஏறினால் ஒட்டுறவு. சோதனை இவ்வளவுதான்.

இது இலக்கண வகுப்புக்காகச் செயற்கையாகப் போட்ட கோடு என்று நினைத்தால், மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1956-இல் எழுதியதைக் கேட்க வேண்டும். மூளைப் பாதிப்பால் பேச்சு குலைந்தவர்கள் ஒரே மாதிரி குலைவதில்லை என்று அவர் கவனித்தார். சிலர் ஒத்த சொல்லைத் தேடி எடுக்கும் திறனை இழக்கிறார்கள். அவர்கள் கத்தியைக் காட்டினால் முள்கரண்டி என்பார்கள், விளக்குக்கு மேசை என்பார்கள், புகைக்குழாய்க்குப் புகை என்பார்கள். பக்கத்தில் இருப்பது எதுவோ அது நாவில் வருகிறது. இன்னும் சிலருக்குச் சொற்களைக் கோத்து வாக்கியமாக்கும் திறன் போய்விடுகிறது. அவர்கள் நுண்ணோக்கியைத் தொலைநோக்கி என்பார்கள். அங்கே ஒப்புமை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒப்புமை ஒன்று, அண்மை ஒன்று, மொழி இந்த இரண்டு அச்சில் சுழல்கிறது என்பது யாக்கப்சன் கண்ட முடிவு. ‘போல’ சோதனை தொடுவது அந்த இரண்டு அச்சுக்கும் நடுவிலுள்ள எல்லையைத்தான்.

மூன்றாம் படி: ஒட்டு எது என்று கண்டுபிடியுங்கள்

இங்கேதான் பழைய பட்டியல் உதவிக்கு வருகிறது. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் நன்னூலில் எழுதிய நூற்பா இது:

பொருள்முதல் ஆறோடு அளவைசொல் தானி
கருவி காரியம் கருத்தன் ஆதியுள்
ஒன்றன் பெயரான் அதற்கியை பிறிதைத்
தொன்முறை உரைப்பன ஆகு பெயரே.

‘பொருள்முதல் ஆறு’ என்றால் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். அளவை நான்கு: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். அதற்குமேல் சொல், தானி, கருவி, காரியம், கருத்தன். கூட்டினால் பதினைந்து. ‘ஆதி’ என்ற சொல்லுக்குள் உவமையையும் அடக்கி உரைகாரர்கள் பதினாறாக்கினார்கள்.

அளவை நான்கிலும் பெரிய புதிர் இல்லை. “ரெண்டு லிட்டர் கொடு” என்றால் அளவு அளக்கப்பட்ட பொருளுக்கு ஆகிறது. “அஞ்சு மீட்டர் வெட்டு” என்றால் துணி. கடந்து போகலாம்.

முதலும் (பட்டியலில் ‘பொருள்’ என்றிருப்பது) சினையும் சுவையானவை. முழுமையின் பெயர் உறுப்புக்கு வருவது முதலாகுபெயர்: “முல்லை தொடுத்தாள்”, தொடுத்தது பூவை மட்டும். உறுப்பின் பெயர் முழுமைக்கு வருவது சினையாகுபெயர்: “வெற்றிலை நட்டான்”, நட்டது கொடியை. “இன்னும் நாலு கை வேணும்”, “தலைக்கு ரெண்டு” என்பவை இன்றைய சினையாகுபெயர்கள். கிரேக்க, லத்தீன் அணியிலக்கணம் இந்த உறுப்பு–முழுமை உறவைப் பிரித்தெடுத்து சிநெக்டகி என்று தனிப்பெயர் வைத்தது. நம்மவர்கள் பிரிக்கவில்லை. எனக்கு நம்மவர் வழியே சரியாகப் படுகிறது. கை ஆளின் உறுப்பு, தொப்பி ஆளின் உடைமை, இருக்கை ஆளின் இடம். மூன்றாலும் ஆளைச் சுட்டலாம், மூன்றிலும் மனம் செய்வது ஒரே வேலை.

தானி என்ற சொல் பலரைக் குழப்பும். ஓரிடத்தில் இருக்கும் பொருள் தானி. “பாலை இறக்கி வை” என்றால் இறக்குவது பாத்திரத்தை. உள்ளிருப்பதன் பெயர் கொள்கலத்துக்கு வந்தது. “தொட்டி வழியுது” இதற்கு நேர் எதிர்த்திசை. கொள்கலத்தின் பெயர் உள்ளிருப்பதற்கு வந்திருப்பதால் அது இடவாகுபெயரில் சேரும். இந்த இரண்டும் தேர்வில் மாறிப்போவது வழக்கம். வினையைக் கேட்டால் மாறாது: இறக்கக்கூடியது பாத்திரம், வழியக்கூடியது தண்ணீர்.

காரியவாகுபெயரும் அப்படித்தான். “பைங்கூழ் வளர்ந்தது” என்பது பழைய உதாரணம். கூழாகப்போவது பயிர், விளைவின் பெயர் அதற்குக் காரணமான பயிருக்கு முன்கூட்டியே வந்துவிட்டது. கருத்தாவாகுபெயர் நாம் தினமும் சொல்வது: “பாரதியைப் படிச்சிருக்கியா?”

தொல்காப்பியத்தின் பட்டியல் இதைவிடச் சிறியது. அதில் ‘பிறந்தவழிக் கூறல்’ என்று ஒரு வகை உண்டு. ஒரு பொருளைப் பிறந்த ஊரின் பெயரால் சொல்வது. உரைகாரர்கள் இதற்குக் குழிப்பாடி என்ற ஊரின் ஆடையைக் காட்டுவார்கள். ஊர்ப்பெயர் துணிக்கு ஆகிவருவது ஏனோ உலகெங்கும் ஓயவில்லை. பிரான்சின் நீம் நகரத்திலிருந்து டெனிம், கோழிக்கோட்டிலிருந்து காலிகோ. நெய்தவர் பெயரால் ஆடையைச் சொல்வதும் தொல்காப்பியப் பட்டியலில் உண்டு. இன்று அந்த நாற்காலியில் வணிகப்பெயர்கள் உட்கார்ந்திருக்கின்றன. எந்த நிறுவனத்தின் இயந்திரமாக இருந்தாலும் நாம் எடுப்பது ஜெராக்ஸ்தான்.

பதினாறாவதான உவமையாகுபெயர் பற்றி ஒரு வார்த்தை. “காளை வந்தான்” என்பதில் ‘போல’ தாராளமாக ஏறுகிறது. இரண்டாம் படிச் சோதனையில் அது தோற்றுப்போகும். நூற்பாவில் நேரடியாகப் பெயர் சொல்லப்படாத விருந்தாளி அது. தேர்வுத்தாளில் அதை ஆகுபெயர் என்றே எழுதுங்கள், ஆனால் பேச்சை ஆராயும்போது உருவகத்தின் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

சில வாக்கியங்கள் இரண்டு பெட்டிக்குள்ளும் போகும். “வானொலி கேட்டேன்” என்பது கருவியா, இடமா என்று சண்டை போடலாம். நான் போடுவதில்லை. ஒட்டு எது என்று விளங்கிவிட்டால் பெட்டியின் பெயர் எதுவானாலும் வாக்கியத்தின் பொருள் மாறாது.

நான்காம் படி: வினையின் வாலைப் பாருங்கள்

தமிழில் படிப்பவருக்குக் கிடைக்கும் ஒரு சலுகை இது. நம் வினைமுற்று தன் வாலில் திணையையும் பாலையும் சுமந்துகொண்டு வருகிறது. பெயர் தடம் மாறியபோது வினை யாரோடு போனது என்று அந்த வால் சொல்லிவிடும்.

“ஊர் சிரிச்சுது.” சிரித்தவர்கள் மனிதர்கள். ஆனாலும் ‘சிரித்தார்கள்’ வரவில்லை. வினை, சொல்லப்பட்ட பெயரோடேயே நின்றுவிட்டது. இப்போது மருத்துவமனை வார்டில் ஒரு செவிலியர் இன்னொருவரிடம் கேட்பதைக் கேளுங்கள்: “மூணாவது பெட் தூங்கிட்டாரா?” இங்கே வினை கட்டிலை விட்டுவிட்டு ஆளோடு போய்விட்டது. அதே செவிலியர் “மூணாவது பெட் ஆடுது” என்றால், கேட்பவர் நோயாளியைப் பார்க்கப் போக மாட்டார், திருகாணி தேடுவார். பெயர் ஒன்றுதான், வால் மாறியதும் பொருள் மாறியது.

ஏன் இந்த வேறுபாடு? ஊர் சிரிக்கும்போது நம் கண்முன் தனி முகம் எதுவும் இல்லை. மூன்றாவது கட்டிலில் ஒரே ஒருவர் படுத்திருக்கிறார், அவர் முகம் செவிலியருக்குத் தெரியும். முகம் தெரிந்தால் வால் உயர்திணை ஆகிறது. என் காதுக்கு இது பெரும்பாலும் பொருந்திவருகிறது. பேருந்து நடத்துநர் “ரெண்டு டிக்கெட் ஏறுது” என்று குரல் கொடுக்கும்போது ‘ஏறுறாங்க’ என்று வராததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவருக்கு அந்த நொடியில் வேண்டியது எண்ணிக்கை, முகம் அல்ல.

கருத்தாவாகுபெயரில் இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். “பாரதியைப் படிச்சேன், இவ்வளவு கோபக்காரரா அவர்!” இயல்பாக இருக்கிறது. “பாரதியைப் பையில வெச்சிருந்தேன், மழையில நனைஞ்சுடுச்சு.” இதுவும் இயல்பு. “பாரதியைப் பையில வெச்சிருந்தேன், நனைஞ்சுட்டார்” என்றால் மட்டும் சிரிப்பு வருகிறது. படிக்கும்போது நூலும் ஆளும் சேர்ந்தே இருக்கிறார்கள். பைக்குள் போனதும் காகிதம் மட்டும் மிஞ்சுகிறது.

இனி நண்பரின் வாக்கியத்துக்கு வருவோம். “சைலண்ட்ல இருந்தேன்.” வால் ‘ஏன்’, தன்மை ஒருமை. அதாவது வினை போனோடு போகவில்லை, ஆளோடேயே நிற்கிறது. அப்படியென்றால் பெயர் எங்கே ஆகிவந்தது? ‘நான்’ என்பது போனைக் குறிக்கிறது என்று சொல்ல முடியுமா?

அமெரிக்க மொழியியலாளர் ஜெஃப்ரி நன்பர்க் 1995-இல் இதே மாதிரி வாக்கியங்களை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை வைத்தார். அதைத் தமிழில் செய்து பார்க்கலாம். “நான் சைலண்ட்ல இருந்தேன், வீட்டுலதான் இருந்தேன்.” சரியாக இருக்கிறது, இரண்டாம் பாதி ஆளைப் பற்றியது. “நான் சைலண்ட்ல இருந்தேன், கண்ணாடி வேற விரிசல் விட்டிருக்கேன்.” சரியில்லை. ‘நான்’ உண்மையிலேயே போனுக்கு ஆகியிருந்தால் இரண்டாவது வாக்கியமும் சரியாக இருந்திருக்க வேண்டும். எனவே நகர்ந்தது பெயர் இல்லை. ‘சைலண்ட்டில் இருப்பது’ என்ற பயனிலைதான், ‘சைலண்ட்டில் உள்ள போனை வைத்திருப்பது’ என்று பொருள் விரிந்துவிட்டது. “நான் பத்து சதவீதத்துல இருக்கேன், சீக்கிரம் சொல்லு” என்பதும் இந்த இனம்தான்.

நன்னூல் இதற்குப் பெட்டி வைக்கவில்லை. ஆகுபெயர் என்ற பெயரிலேயே ‘பெயர்’ இருக்கிறதே. தொலைபேசிக் காலத்துக்கு ‘ஆகுவினை’ என்று ஒரு பெட்டி செய்துகொள்ளலாம் என்று எனக்கு ஆசை.

ஐந்தாம் படி: எத்தனை மடிப்பு என்று எண்ணுங்கள்

ஒரு தாவலோடு நின்றுவிடாத சொற்களும் உண்டு. “கார் அறுத்தான்” என்பது இலக்கண ஆசிரியர்கள் சலிக்காமல் காட்டும் உதாரணம். கார் என்றால் முதலில் கருமை. கருமையின் பெயர் மேகத்துக்கு வந்தது. மேகத்தின் பெயர் அது பொழியும் பருவத்துக்கு, பருவத்தின் பெயர் அப்போது விளையும் நெல்லுக்கு. மூன்று மடிப்பு, ஆகையால் மும்மடியாகுபெயர். அறுக்கும் வினைக்கு வேண்டியது கடைசி மடிப்பு மட்டும்.

இதற்கு இணையான ஒன்று நம் படுக்கையறை மூலையில் நிற்கிறது. பீரோ. பிரெஞ்சில் அதன் வேர் ஒரு முரட்டுக் கம்பளித் துணியின் பெயர். எழுதும் மேசைமீது அந்தத் துணியை விரித்தார்கள், துணியின் பெயர் மேசைக்கு ஆனது. மேசையின் பெயர் அது கிடக்கும் அறைக்கு ஆனது, அறையின் பெயர் அங்கே வேலை செய்யும் அலுவலகத்துக்கு. புலனாய்வு அமைப்புகளின் பெயரில் வருவது அந்தக் கடைசி மடிப்பு. நம் வீட்டுக்கு வந்தது மரச்சாமான் மடிப்பிலிருந்து பிரிந்த கிளை, இங்கே வந்து துணி வைக்கும் இரும்பலமாரியாகிவிட்டது. துணியில் தொடங்கி, சுற்றி வந்து துணியிலேயே முடிந்த சொல்.

பேனாவும் ஒரு மடிப்புதான். போர்த்துகீசிய மொழியில் அதற்கு இறகு என்று பொருள். எழுதிய இறகு போய்விட்டது, பெயர் இருக்கிறது.

ஆறாம் படி: எங்கே செல்லாது என்று சோதியுங்கள்

பாரதியைப் படிக்கலாம். ஆனால் அம்மா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு “அம்மாவைச் சாப்பிட்டேன்” என்று சொல்ல முடியாது. இரண்டிலும் செய்தவர், செய்யப்பட்டது என்ற ஒரே உறவுதான். ஏன் ஒன்று செல்கிறது, ஒன்று செல்லவில்லை?

எழுத்தில் எழுதியவரின் முத்திரை இருக்கிறது, அதற்காகவே அதை நாடுகிறோம். சமையலில் கைமணம் உண்டென்றாலும், சாப்பிடும் வினை ஆளின்மேல் விழுந்தால் வேறொரு கோரமான பொருள் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. நேர்ப்பொருள் தடுக்காத இடத்தில்தான் ஆகுபெயர் நடமாடும். ஆளை வாசிக்க முடியாது, அதனால் பாரதிக்கு ஆபத்தில்லை.

இன்னொரு தடை, நூற்பாவிலேயே இருக்கும் ‘தொன்முறை’ என்ற சொல். வழிவழியாக வந்ததுதான் ஆகுபெயர், நினைத்ததையெல்லாம் ஆக்கிக்கொள்ள முடியாது. ‘நாலு கை வேணும்’ செல்லும், ‘நாலு மூக்கு வேணும்’ செல்லாது. வேலையில் முன்னுக்கு நிற்பது கைதான். பிறகு மூன்றாவது கட்டில் எப்படிச் சென்றது? அது வார்டுக்குள் மட்டும் செல்லும் நாணயம். அங்கே கட்டிலெண்தான் ஆளுக்கு அடையாளம். அதே செவிலியர் தன் வீட்டில் போய் “மூணாவது பெட் குணமாகிட்டார்” என்றால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். தொன்முறை என்பது நூற்றாண்டுகளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு வார்டுக்குள் ஒரு வாரத்திலும் உருவாகிவிடும் என்பது என் துணிபு.

எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வாசகர் அந்த வார்டுக்குள் இருக்கிறாரா என்று பாருங்கள். ‘வெள்ளை மாளிகை அறிவித்தது’ என்றால் எல்லோருக்கும் புரியும். உங்கள் அலுவலகத்துக்குள் ‘இரண்டாம் மாடி’ என்றால் கணக்குப் பிரிவு என்பது வெளியாளுக்குத் தெரியாது.

ஏழாம் படி: மறைந்தது யார் என்று கேளுங்கள்

ஆகுபெயர் ஒன்றை முன்னுக்கு இழுக்கும்போது இன்னொன்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பேனா தீர்ந்தபோது மை மறைந்ததால் யாருக்கும் நட்டமில்லை. “விமானங்கள் குண்டு வீசின” என்னும்போது மறைவது ஓட்டியவரும் ஆணையிட்டவரும். “நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது”, “அலுவலகம் வருந்துகிறது” என்ற வாக்கியங்களில் ‘விட்டது’, ‘கிறது’ என்ற அஃறிணை வாலைக் கவனியுங்கள். நான்காம் படியில் சொன்னதுதான், முகம் இல்லாத இடத்தில் அந்த வால் முளைக்கும். இங்கே முகம் தெரியாமல் போனது தற்செயலா, ஏற்பாடா என்பதைக் கேட்பவர் தீர்மானிக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு விண்ணப்பத்தோடு மூன்றாம் தடவையாக ஒரு கவுண்டர் முன் நின்றேன். உள்ளே இருந்த பெண், திரையைப் பார்த்தபடி, “சிஸ்டம் ஒத்துக்கல சார்” என்றார். ஒத்துக்கொள்வது என்ற வினையைக் கணினி செய்யாது என்று எனக்குள் இருந்த இலக்கணக்காரன் விழித்துக்கொண்டான்.

“சிஸ்டம்னா யாரும்மா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி புதிதாக இருந்திருக்க வேண்டும். சற்று யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “மேலிடம் சார்” என்றார்.

கருவி விலகியது, இடம் வந்து உட்கார்ந்தது. ஆள் இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்கு வாயெடுத்தேன். “நாளைக்கு வாங்க, இப்ப கவுண்டர் சாப்பிடப் போகுது” என்றார் பின்னாலிருந்து காவலாளி.